எழுத்துத் தெரிந்தவளுக்கு ஒரு தொழில்

கணனியில் அழைப்பிதழும் விளம்பரமும் வடிவமைக்கும் தொழிலுக்கு வருவதென்றால் நன்றாகச் சித்திரம் கீறத் தெரிந்திருக்க வேண்டும் என்று நம் சகோதரிகள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு பூனையைக்கூட ஒழுங்காகக் கீற வராது. ஆனாலும் சில வருடங்களாக எங்கள் வீட்டுச் செலவில் பாதியைச் சுமப்பது இந்தத் தொழில்தான், அல்ஹம்துலில்லாஹ்.

2020இல் கொரோனாவோடு கணவர் கட்டாரில் வேலையிழந்து ஊர் திரும்பினார். பிள்ளைகள் மூவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். கலியாணத்துக்கு முன், தொண்ணூறுகளின் கடைசியில், கொழும்பில் ஓர் அச்சகத்தில் இரண்டு வருடம் தமிழ் தட்டச்சுச் செய்திருந்தேன். பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும்தான் அன்று எனக்குத் தெரிந்த உலகம். இருபது வருடம் அடுப்படியில் கழிந்த பிறகும் விரல்கள் அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. வட்டிக்குப் பணம் எடுக்க இருவருக்கும் மனமில்லை. ஒரு காப்பை விற்றுப் பழைய மடிக்கணனி ஒன்றை வாங்கினோம். “காப்பை வித்து கொம்பியூட்டரா?” என்று உம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மென்பொருள் விடயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபோட்டோஷொப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றை 2013இலிருந்து அடோபி நிறுவனம் மாதச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. டொலரில் கட்டவேண்டிய அந்தச் சந்தா நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய தொகை. திருட்டுப் பிரதி எங்கும் கிடைக்கும்; ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போடும் தொழிலை அப்படித் தொடங்க எனக்கு விருப்பமில்லை. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்ற இரண்டும் முற்றிலும் இலவசம். அவற்றோடுதான் தொடங்கினேன். கென்வாவைக் கையடக்கத் தொலைபேசியிலேயே பழகலாம், நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதில் தயாராக இருக்கும் மாதிரியில் பெயரை மாற்றிப்போடுவதை நம் வாடிக்கையாளரும் ஒரு வாரத்தில் பழகிவிடுவார். பிறகு எதற்கு நம்மிடம் வரப்போகிறார்?

அவரால் முடியாதது வேறு. உதாரணமாக, நம்மவர்களுக்குப் பிரியமான பச்சை நிறத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணனித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் அச்சிடுகிறது. திரையில் மின்னும் பச்சை கடதாசியில் மங்கிப்போய் வரும். அதை முன்கூட்டியே தெரிந்து நிறத்தைத் தெரிவு செய்வதும், வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமலிருக்க நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக நிறத்தை நீட்டி விடுவதும்தான் தொழில்.

எனக்கு வழி திறந்தது ஓர் அரபு எழுத்தினால். 2021இல் தெரிந்த குடும்பமொன்று, வேறோர் இடத்தில் செய்வித்த நிக்காஹ் அழைப்பிதழின் மாதிரியை என்னிடம் கொண்டுவந்தது. தமிழ்ப் பெயர்களில் பிழையிருக்கிறதா என்று பார்த்துத் தரும்படிதான் கேட்டார்கள். தமிழ் சரியாகவே இருந்தது. ஆனால் மேலே, அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆவது வசனம் போட்டிருந்த இடத்தில், எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே, அதுவும் இடமிருந்து வலமாக நின்றன! வடிவமைத்தவருக்கு அரபு வாசிக்கத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது அழகானதொரு அலங்காரமாகத் தெரிந்திருக்கும். 400 அழைப்பிதழ்கள் அன்று பின்னேரம் அச்சேற இருந்தன.

காரணம் பெரிய மர்மமல்ல. அரபு எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுக்கும். மென்பொருளில் மத்திய கிழக்கு மொழிகளுக்குரிய அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் அது எழுத்துகளைச் சேர்க்காமல், திசையும் மாற்றி வைத்துவிடும். தமிழுக்கும் இதே கதிதான். தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு இல்லாத இடத்தில் ‘கெ’ என்று தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நான் அதைச் சரிசெய்து ஒரு மணித்தியாலத்தில் கொடுத்தனுப்பினேன். (அழைப்பிதழ்கள் கடைசியில் குப்பைக்கூடைக்குப் போவதால் வசனங்களை அச்சிடாமல் விடுவதே நல்லதென்பது என் எண்ணம். வாடிக்கையாளரிடம் ஒருமுறை சொல்வேன், முடிவு அவர்களுடையது.) அடுத்த வாரம் அந்த அச்சகத்திலிருந்தே அழைப்பு வந்தது: “அரபு, தமிழ் வேலை வந்தா நீங்க பாத்துத் தருவீங்களா?” சிறுவயதில் ஓதப் போன இடத்தில் கற்ற எழுத்துக்கு இப்படியொரு கூலி இருக்கும் என்று யார் நினைத்தது!

தொழிலைப் பழகுவதைவிட, அது தொழில் என்று சொந்தக்காரர்களுக்கு விளங்கவைப்பதுதான் கஷ்டம். “கொம்பியூட்டர்ல தட்டினா வாறதுதானே, அதுக்கும் காசா?” என்று ஒரு மாமி கேட்டே விட்டார். அன்று அவருடைய வேலைக்கு நான் இரவு பன்னிரண்டு மணிவரை இருந்திருந்தேன். கணவரோடு பேசி ஒரு முடிவெடுத்தோம். பெருநாள் வாழ்த்து, பிள்ளை பிறந்த செய்தி என்றால் சொந்தங்களுக்கு அன்பளிப்பு. மற்றதெல்லாம் விலை எழுதிக் கொடுத்த பின்பே தொடங்குவது, பாதிப் பணம் முதலில், இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதற்குத் தனியாக. கணக்குக் கொப்பியை அவர் பொறுப்பெடுத்தார். என்னால் கேட்க முடியாத பாக்கியை அவர் சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிவிடுவார்.

2022இல் நாடே தடுமாறியது. கடதாசி கிடைக்கவில்லை, மார்ச் மாதத்தில் பத்திரிகைகளே அச்சை நிறுத்தின. அம்மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. அச்சகங்கள் சும்மா கிடந்தன. ஆனால் கலியாணங்கள் நிற்கவில்லையே! மக்கள் வட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பத் தொடங்கினார்கள். கரண்ட் வரும் நேரம் நள்ளிரவானாலும் எழுந்து வேலை செய்தேன். அது அச்சு வேலையிலிருந்து வேறுபட்ட கலை. உள்ளங்கையளவு திரையில், கண்ணாடி போட்ட மூத்தம்மாவும் பெரிதாக்கிப் பார்க்காமல் மண்டபத்தின் பெயரையும் நேரத்தையும் வாசிக்க வேண்டும். தமிழுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால், ஆங்கிலத்தைவிட வரிகளுக்கிடையே கூடுதலாக இடைவெளி விட வேண்டும். பூவைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்றால் மணப்பெண்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுடைய உம்மாமார் என் பக்கம்.

இப்போது பிள்ளைகள் வந்து, “எந்த கோர்ஸ் செய்யலாம்?” என்று கேட்கிறார்கள். வசதியிருந்தால் தொழிற்பயிற்சி நிலையத்தில் என்.வி.கியூ. சான்றிதழோடு படியுங்கள், அரச வேலைக்கும் உதவும். ஆனால் வேலை தருபவர் முதலில் கேட்பது, “செய்ததைக் காட்டுங்க” என்பதைத்தான். வேலை வராமல் எதைக் காட்டுவது என்று மலைக்க வேண்டியதில்லை. என் இரண்டாவது மகள் உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டிலிருந்தபோது, எங்கள் சந்தியிலுள்ள பேக்கரியின் விலைப்பட்டியலைப் படமெடுத்து வந்து, யாரும் கேட்காமலே தமிழிலும் சிங்களத்திலும் புதிதாகச் செய்தாள். வாப்பாவோடு போய்க் காட்டியிருக்கிறாள். கடைக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “பணிஸ் விலை பழசு மகள், மாத்திட்டுத் தாங்க” என்றாராம். 2000 ரூபா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.