மாட்டை விக்கிறானா, கயித்த விக்கிறானா?

எங்க வருசநாட்டுப் பக்கம் மாடு வாங்குறதுன்னா அது ஒரு பெரிய சோலி மக்களே! பல்லைப் புடிச்சுப் பாக்கணும், சுழி பாக்கணும், நாலு எட்டு நடக்க விட்டுப் பாக்கணும். அப்புறந்தான் துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் புடிச்சு விலை பேசுறதெல்லாம். இம்புட்டு விவரமான ஆளுங்க, போன்ல நாலு போட்டோவைப் பாத்துட்டு கார் வாங்கக் கிளம்பிடுறாங்க. அதான் எனக்கு ஆச்சரியம்.

எங்க சித்தப்பா தேங்கா வித்தது, ஆடு வித்ததுன்னு காசு சேத்து வச்சு ஒரு பழைய கார் தேடிக்கிட்டு இருந்தார். ஆடம்பரத்துக்கு இல்ல. சித்திக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர்னு நின்னு நின்னு போற பஸ்ல, திரும்பி வர்றப்போ அவங்க படுற பாடு சொல்லி மாளாது.

ஒருநாள் போன்ல ஒரு விளம்பரம். ஸ்விஃப்ட் கார், 1,40,000 ரூபாய். வெளியில மூணு லட்சத்துக்குக் குறையாத வண்டி! விக்கிறவர் 'மிலிட்டரிக்காரர்'. காஷ்மீருக்கு மாத்தலாயிருச்சாம், அதான் அவசரமாம். யூனிஃபார்ம் போட்டோ, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸப்ல வந்துருச்சு. வண்டி சென்னை ஏர்போர்ட்ல நிக்குதாம். மிலிட்டரி லாரியே வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருமாம். முதல்ல 5,150 ரூபாய் மட்டும் அனுப்பணுமாம். வண்டி பிடிக்கலைன்னா அதுவும் வாபஸாம்.

"பட்டாளத்துக்காரன் பொய் சொல்லுவானாப்பா?"ன்னு கேட்டார் சித்தப்பா. தெருவுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருக்கிற ஊர்ல அந்தக் கேள்வி நியாயந்தானே.

"சித்தப்பா, பல்லாவரத்துல நம்ம பய ஒருத்தன் இருக்கான். அவன் போய் ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமான்னு கேளுங்க"ன்னேன்.

கேட்டார். 'ஹை செக்யூரிட்டி ஏரியா, வெளியாளுக்கு அனுமதி இல்லை. இன்னைக்கே பணம் போடலைன்னா வேற பார்ட்டிக்குப் போயிரும்'னு பதில் வந்துச்சு. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "மாட்டைப் பாக்க விடமாட்டேங்கிறான்னா, அவன் மாட்டை விக்கல. கயித்தத்தான் விக்கிறான்."

அதோட போனை வச்சாச்சு.

இது புதுசு இல்ல. இதே ராணுவ வேஷம் கட்டி ஓ.எல்.எக்ஸ்ல விளம்பரம் போட்டு ஏமாத்துன ஆளுங்களை, 2020ல சென்னை போலீஸ் ராஜஸ்தான் பரத்பூர் வரைக்கும் போய்ப் புடிச்சாங்க. முதல் காசு சின்னதா இருக்கும். அப்புறம் ஜிஎஸ்டி, ஜிபிஎஸ், லேட் ஃபீஸ்னு வரிசையா வரும். கட்டுன காசு போயிருமேங்கிற பயத்துலயே மேல மேல கட்டுவாங்க. சூட்சுமமே அங்கதான் இருக்கு.

அடுத்த மாசம் சின்னமனூர்ல ஒரு வாத்தியார்கிட்ட பழைய ஆல்ட்டோ ஒண்ணை நேர்ல பாத்து, ஓட்டி, வாங்கினோம். அப்ப நாங்க பாத்தது இதெல்லாம்:

1. வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்ல போட்டா எந்த வருஷம், இன்சூரன்ஸ் எதுவரைன்னு தெரிஞ்சிரும்.

2. ஆர்.சி. புக்ல இருக்கிற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் வண்டியில இருக்கிறதோட பொருந்தணும்.

3. வண்டி மேல லோன் இருந்தா, பேங்க் குடுக்கிற என்.ஓ.சி.யும் பாரம் 35ம் வேணும்.

4. பாரம் 29, 30ல கையெழுத்து வாங்கி பேர் மாத்தணும். 'அப்புறம் பாத்துக்கலாம்' கூடாது. விபத்து நடந்தா, பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துரணும்.

வண்டி விக்கிறவங்களுக்கும் ஒண்ணு. 'காசு அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க'ம்பான். நமக்குக் காசு வர்றதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டீங்கன்னா காசு போகுதுன்னு அர்த்தம்.

யாராவது ஏமாந்துட்டா வெக்கப்பட்டு மூடி வைக்காம உடனே 1930க்குப் போன் போடச் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னா காசை வழியிலயே நிறுத்த வாய்ப்பு இருக்கு.

மொதல்ல வண்டி, அப்புறம் பேப்பர், கடைசியாத்தான் காசு. இந்த வரிசையை மட்டும் மாத்திராதீங்க மக்களே.

தேங்கா உரிக்க ஆள் வந்தாச்சு. வர்ட்டா?