ஒன்பதாவது கேள்வி

நாங்கள் இருவர். ஒரே துறை, ஒரே அறை, எதிரெதிர் மேசைகள். கொங்குப் பகுதியின் சிறுநகரக் கல்லூரி ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறோம். எங்கள் அறைக்குள் நுழையும் மாணவர் எவராயினும், ஒருவரிடம் கேட்க வந்ததற்கு இருவரிடமும் விடை பெற்றுச் செல்வது வழக்கம். ஒருவர் பேசுவார், மற்றவர் விடுபட்டதைச் சேர்ப்பார். இதை நல்ல வழக்கமென்றே நம்பியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் வந்து நின்றான். “ஐயா, படிக்கவே தோண மாட்டேங்குதுங்க” என்றான். அவ்வளவுதான் சொன்னான். நாங்கள் தொடங்கிவிட்டோம். விடாமுயற்சி பற்றி வள்ளுவரில் தொடங்கி, தெருவிளக்கில் படித்தவர்கள் வழியாக, எங்கள் சொந்த மாணவப் பருவத்து வறுமை வரைக்கும் வந்து சேர்ந்தோம். அரைமணி நேரம் ஆயிற்று. அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். “சரிங்கய்யா” என்று சொல்லிப் போனான். நன்றாகப் பேசினோம் என்ற நிறைவோடு நாங்கள் தேநீர் குடிக்கச் சென்றோம். அடுத்த பருவத்தில் அவன் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. (அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். அடையாளங்களை மாற்றியிருக்கிறோம்.)

அதற்குப் பிறகுதான், எங்கள் வட்டாரத்தில் மனநலப் பணி செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய பயிற்சியில் சேர்ந்தோம். ஆறு மாதம், சனிக்கிழமைதோறும். மருத்துவரல்லாத, உளவியல் பட்டம் பெறாத சாதாரண மனிதர்களைச் சமூக மனநல மையங்களில் துணை ஆலோசகர்களாக ஆக்கும் பயிற்சி அது. ஓர் அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவிகள் இருவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், செவிலியர் ஒருவர், இன்னும் சிலர். நாங்கள் மட்டும்தான் முதுகலைப் பட்டத்தோடு போயிருந்தோம். அந்தப் பெருமை இரண்டாவது சனிக்கிழமையே முடிந்தது.

பயிற்றுவித்தவர் நீண்ட அனுபவமுள்ள மனநல சமூகப் பணியாளர். அம்மையார் ஐம்பதைத் தாண்டியவர். எங்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் துயரரும் மற்றவர் துணைவருமாக நடிக்கச் சொன்னார். பதினைந்து நிமிடம். துணைவர் பேசும் நேரத்தை மட்டும் கைப்பேசியில் அளந்தார். தபால்காரர் மூன்று நிமிடம் பேசியிருந்தார். நாங்கள் பதினொரு நிமிடம். “சார், நீங்க பாடம் நடத்தினீங்க. நல்ல பாடம்தான்” என்றார் அம்மையார். தபால்காரர் முப்பது ஆண்டுகளாக வீட்டு வாசல்களில் நின்று பழகியவர். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, உடனே கிளம்புவதா சற்றே நிற்பதா என்று முடிவு செய்யத் தெரிந்தவர். எங்களுக்கோ மணி அடிக்கும்வரை நிரப்பியாக வேண்டிய நேரம் என்பதைத் தவிர வேறு நேரமே தெரியாது.

தமிழாசிரியர்கள் எங்கு போனாலும் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம், அங்கும் தொங்கினோம். இந்தப் பணிக்குத் தமிழில் என்ன பெயர்? ‘ஆலோசனை’ என்கிறோம். அது யோசனை சொல்வதாகிவிடுகிறது; எங்கள் நோயே அதுதான். இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்கிறார்கள். துணை என்ற சொல் அதில் இருப்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. ‘ஆற்றுப்படுத்தல்’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு. இதைக் கேட்டதும் எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்தில் என்ன உணவு கிடைக்கும், மலைவழியில் எங்கே இடர் உண்டு என்றெல்லாம் சொல்கிறான். தானே அவ்வழியில் பசியோடு நடந்தவன் என்பதால் அவன் சொல் நம்பத்தக்கதாகிறது. இதையெல்லாம் நாங்கள் வகுப்பில் விரித்துச் சொன்னோம். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அந்தப் பாணருக்குப் போய்ச் சேர வேண்டிய வள்ளல் யாருன்னு தெரியும். நம்ம எதிர்ல உக்காந்திருக்கறவங்க எங்க போகணும்னு நமக்குத் தெரியுமா?” என்று கேட்டார். விடை சொல்ல முடியவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்தான் குறுக்கிட்டு, “எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டா டீ ஆத்தற ஞாபகம்தாங்க வருது” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதே சரி என்று வீடு திரும்பும் பேருந்தில் தோன்றியது. சூடு தாங்காதவருக்கு அதை அவர் வாய் வைத்துக் குடிக்கக்கூடிய பதத்துக்குக் கொண்டுவருவது. குடிப்பது அவர்தான்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையை அம்மையார் அடிக்கடி குறிப்பிடுவார். நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு, துணைவரின் உண்மைத்தன்மை ஆகியவை இருந்தால் மாற்றம் நிகழும் என்பது அதன் சாரம். கேட்க எளிதாக இருக்கிறது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவர் எதிரில் அமர்ந்து, தனக்குத் தூக்கமில்லை என்று சொல்லும்போது நிபந்தனையற்ற ஏற்பு எங்கிருந்து வரும்? எங்களுக்கு வரவில்லை. வந்ததாக இன்றும் சொல்ல மாட்டோம்.

பயிற்சியில் எங்களை மிகவும் அசைத்தது ஜிம்பாப்வே நாட்டுச் செய்தி. அங்கே டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவரின் நோயாளியான இளம்பெண் ஒருவர், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டு, உயிரை மாய்த்துக்கொண்டார். நோயாளி வர முடியாத இடத்தில் மருத்துவம் இருந்து என்ன பயன் என்ற கேள்வி அவரைத் துரத்தியது. 2006இல் ஹராரேயில் பதினான்கு பாட்டிமாரைப் பயிற்றுவித்து, மருத்துவ நிலையத்து வளாகத்தில் மரப்பலகை இருக்கைகளில் அமர வைத்தார். முதலில் அதற்கு ‘மனநல இருக்கை’ என்று பெயரிட்டாராம். யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டிமார்தான் அதை ‘நட்பு இருக்கை’ என்று மாற்றச் சொன்னவர்கள். அவர்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். மிதமிஞ்சி யோசித்தல் என்று பொருள். 2016இல் வெளியான ஆய்வில், இந்தப் பாட்டிமாரிடம் பேசியவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நம் நாட்டிலும் கோவாவில் சங்காத் அமைப்பு, பட்டம் பெறாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் செய்யத்தக்க ஒரு முறையை வகுத்துச் சோதித்து, 2017இல் நல்ல முடிவுகளை வெளியிட்டது.

மிதமிஞ்சி யோசித்தல்! எங்கள் ஊரில் “ஒரே யோசனையா இருக்குதுங்க” என்பார்கள். “நெஞ்சு கனமா இருக்கு”, “சோறு எறங்க மாட்டேங்குது” என்பார்கள். எங்களிடம் கொடுக்கப்பட்ட வினாத்தாளோ ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களில் இன்னின்ன தொல்லை எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, விடைக்கு 0 முதல் 3 வரை எண் போட வேண்டும், மொத்தம் 27. “செயல்களில் ஆர்வம் அல்லது இன்பம் குறைந்திருத்தல்” என்று அச்சிட்டிருந்ததை ஓர் ஆத்தாவிடம் படித்துக் காட்டியபோது, அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். “மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூடப் புடிக்காமப் போச்சுங்களா?” என்று செவிலியர் கேட்டார். ஆத்தா உடனே பேசத் தொடங்கினார்.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்றோ, தன்னைத் தானே வருத்திக்கொள்ள வேண்டுமென்றோ எண்ணம் வந்ததா என்று கேட்க வேண்டும். நடிப்புப் பயிற்சியில்கூட எங்களால் கேட்க முடியவில்லை. “தப்பான முடிவு ஏதாவது...” என்று இழுத்தோம். “வாழ்க்கையில் நம்பிக்கை...” என்று சுற்றினோம். அம்மையார் நிறுத்திவிட்டார். “கேட்டா எண்ணத்தை நாமே விதைச்சிடுவோம்னு பயப்படறீங்க. அப்படி இல்லைன்னு பல ஆய்வுகள் சொல்லுது. நேராக் கேளுங்க. சுத்தி வளைச்சா, இதைப் பேசக்கூடாதுன்னு அவங்களுக்குச் சொல்றீங்கன்னு அர்த்தம்.” சட்டமும் மாறியிருக்கிறது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. எங்கள் நாக்குதான் மாறவில்லை. சங்கப் பாடலில் தலைவியின் உயிர் போகும் நிலையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். எதிரில் இருப்பவரிடம் “சாகணும்னு தோணுதுங்களா?” என்று கேட்க நான்கு வாரம் பிடித்தது.

களப்பயிற்சியில், ஆரம்ப சுகாதார நிலையத்துத் திண்ணையில், ஒரு பெண்ணிடம் அதைக் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. அதுவரை மடியில் இறுகப் பிடித்திருந்த பையைத் தரையில் வைத்தார். பிறகு பேசினார். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வீட்டில் இருந்த பூச்சிமருந்தை அவர் தம்பியின் பொறுப்பில் வேறிடத்துக்கு மாற்றச் சொன்னார் அம்மையார். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைப்பது உயிரைக் காக்குமா என்று கடலூர் மாவட்டத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் தம்பியிடம் சொல்லலாமா என்பதே ஒரு விவாதமாயிற்று. கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது இப்பணியின் முதல் விதி. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விலக்கு, அதையும் அவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். அகத்திணையில் தோழி செய்வதும் இதுதானே என்று எங்களுக்குத் தோன்றியது. தலைவியின் மறைவை அவள் கட்டிக் காக்கிறாள். தாய் வேலனை அழைத்து வெறியாட்டெடுத்து, நோயின் காரணத்தை முருகன்மேல் ஏற்றும்போதோ, அயலார் பெண் கேட்டு வரும்போதோ, இனி மறைத்தால் தலைவி தாங்கமாட்டாள் என்று அறிந்து செவிலியிடம் உண்மையை வெளியிடுகிறாள். அறத்தொடு நிற்றல் என்று பெயர். எத்தனை ஆண்டுகள் இதைத் துறைக் குறிப்பாக மட்டும் எழுதிப் போட்டிருக்கிறோம்!

வெறியாட்டைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. எங்களால் சிரிக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். அருகில் வேறெதுவும் இருக்கவில்லை. எங்கள் களப்பணியில் பாதி நேரம் போனது பேச்சில் அன்று. பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பத்திலும், மருத்துவச் சான்றுக்கு எந்தக் கிழமை போவது, எந்தப் பேருந்தில் ஏறுவது என்பதிலும்தான். இதுவும் ஆற்றுப்படைதான் என்று மெல்லச் சொன்னோம். இம்முறை அம்மையார் மறுக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் தந்தார்கள். நோயைப் பெயரிட்டுச் சொல்லவோ, மருந்து பற்றிப் பேசவோ எங்களுக்கு உரிமையில்லை. வாரம் ஒருமுறை அம்மையாரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறோம்.

சென்ற மார்கழியில், பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து அந்த மாணவனின் எண்ணைத் தேடியெடுத்து அழைத்தோம். பின்னணியில் விசைத்தறிச் சத்தம். “சொல்லுங்கய்யா” என்றான், கத்திக்கொண்டே. “அன்னைக்கு நீ ஏதோ சொல்ல வந்தாய். நாங்க கேக்கலை” என்றோம். தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாங்கள் அதை நிரப்பவில்லை. “ஷிப்ட் முடிஞ்சதும் கூப்படறனுங்கய்யா” என்று வைத்துவிட்டான்.

இரவு பத்தரைக்கு அழைத்தான். எங்களில் ஒருவர்தான் பேசினார், அல்லது பேசாமல் இருந்தார். மற்றவர் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவன் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை. ஒன்பதாவது கேள்வியையும் கேட்டோம்.

தை பிறந்ததும் நேரில் வருவதாகச் சொன்னான், வந்தான். அறையில் மூன்றாவது நாற்காலி இல்லை. மாணவர்கள் நின்றபடியே பேசிப் போகிறவர்கள் என்பதால் ஒன்று வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. வேதியியல் துறையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தோம்.