வாஷர் மாற்றுகிறவனின் கணக்கு

அடிபம்பு ரிப்பேருக்குப் போகிறவன் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கைப்பிடியைப் பிடித்துப் பத்து அடி அடித்துப் பார்க்க வேண்டும். அழுத்தாமலே கைப்பிடி கீழே விழுந்து கிடந்தால் உள்ளே ராடு அறுந்திருக்கிறது, அல்லது கழன்றிருக்கிறது. வெகுநேரம் வெறும் காற்றாக அடித்து, பிறகு தண்ணீர் வந்து, வந்தபின் குறையில்லாமல் கொட்டினால் அடியிலிருக்கும் ஃபுட் வால்வோ பைப் ஜாயின்ட்டோ தண்ணீரைப் பிடித்து வைக்கவில்லை. உடனே வருகிறது, ஆனால் ஒல்லியாக வருகிறது என்றால் பக்கெட் வாஷர் தேய்ந்துவிட்டது. கிறீச்சென்று கத்தினால் செயினுக்குக் கிரீஸ் இல்லை. கைப்பிடி பக்கவாட்டில் ஆடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. அரை மணி நேரம் யாரும் தொடாமல் பம்பை விட்டுவிட்டு, மறுபடி அடித்து, எத்தனையாவது அடியில் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது என்று எண்ண வேண்டும். பெரும்பாலும் அதற்கு அவசியம் வராது. குடத்தோடு நிற்கும் பெண்கள் அந்த எண்ணிக்கையை ஏற்கெனவே வைத்திருப்பார்கள். “தம்பி, போன மாசம் வரைக்கும் நாலு அடியில வரும். இப்ப இருபது அடிச்சாத்தான் வருது” என்று ஓர் ஆயா சொன்னால் பாதி வேலை முடிந்தது. தர்மபுரிப் பக்கத்துப் பாறை நிலத்தில் கைப்பம்பு மெக்கானிக்காக என் வேலைக்காலம் போனது. அதில் நான் கற்ற பாடங்களில் பாதி, பம்பை அடிக்கிறவர்கள் வாயிலிருந்து வந்தவை.

இந்தப் பம்புக்கு இந்தியா மார்க் 2 என்று பெயர். பள்ளிக்கூட வாசலிலும் கோயில் திடலிலும் காலனி முனையிலும் மூன்று காலில் நிற்கிறதே, அதுதான். இது வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும். 1967இல் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் பெரும் வறட்சி. பாறையைக் குடைகிற ரிக் வண்டிகளை யுனிசெஃப் கொண்டுவந்தது. கை வேலையாக வெட்ட மாதக்கணக்காகும் ஆழத்தை ஓரிரு நாளில் துளைத்தார்கள். துளையின் மேல் வைத்ததோ வார்ப்பிரும்புப் பம்பு, ஒரு வீட்டுக்கு என்று செய்தது. 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது போட்ட பம்புகளில் முக்கால்வாசி நின்றுபோயிருந்தன. ஆழ்குழாய் இருக்கிறது, அடியில் தண்ணீர் இருக்கிறது, மேலே கொண்டுவர வழியில்லை.

பம்பின் மேல் விழுந்த பாரம் எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். அரசு வைத்த அளவு 250 பேருக்கு ஒரு பம்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர். மொத்தம் 10,000 லிட்டர். நன்றாக இருக்கும் மார்க் 2 பம்பு 40 அடிக்கு 15 லிட்டர் தரும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 26,000 அடிக்கு மேல் ஆகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி அடி. நிமிடத்துக்கு 40 அடி என்று வைத்தாலும் பதினொரு மணி நேரம் கைப்பிடி ஓயாமல் ஆட வேண்டும். விடியற்காலை வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது மிகை இல்லை என்று தெரியும். இந்த அடியை வாங்க வீட்டுப் பம்பு செய்யப்படவில்லை. பின் போகிற துளை நீள்வட்டமாகத் தேயும், ராடு சாயும், வார்ப்பிரும்பு விரிசல் விடும். வெல்டிங்கும் சரியாகப் பிடிக்காது.

மராட்டிய மாநிலம் சோலாப்பூரில் ஆஸ்கார் கார்ல்சன் என்ற சுவீடன் நாட்டு மிஷனரி இரும்புத் தகட்டாலும் குழாயாலும் செய்த ஒரு பம்பு மற்றவற்றைவிட நீண்ட நாள் ஓடியது. அதை அடிப்படையாக வைத்துத்தான் யுனிசெஃப்பும் அரசும் சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனமும் சேர்ந்து மார்க் 2ஐ உருவாக்கின. மாதிரிப் பம்புகளைக் கோவை வட்டாரத்து ஆழ்குழாய்களில் பொருத்திச் சோதித்தார்கள். 1970களின் கடைசியில் உற்பத்தி தொடங்கியது.

தலையைத் திறந்து பார்த்தால் இதன் சூட்சுமம் தெரியும். கைப்பிடியின் உள்முனை வட்டத்தின் கால்பாகமாக வளைந்திருக்கும். அதன் மேல் ஒரு செயின் படிந்து, அதன் முனையில் ராடு தொங்கும். கவலை ஏற்றத்தில் வடம் கப்பியில் உருண்டு நேராக இறங்குவது போல, கைப்பிடி எந்தக் கோணத்தில் இருந்தாலும் ராடு செங்குத்தாகவே ஏறி இறங்கும். பக்கவாட்டு இழுப்பு இல்லாததால் தேய்மானம் குறைவு. கைப்பிடி முழுவதும் ஒரே அச்சில், இரண்டு பால் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். செயின் இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. கீழே இறக்கும் வேலையை ராடுகளின் சொந்த எடை பார்த்துக்கொள்கிறது. ஆழம் குறைந்த கிணற்றில் இந்தப் பம்பு துள்ளுவதற்குக் காரணமும் அதுதான். ராடு குறைவு, எடை போதாது, செயின் தொய்கிறது. பம்பு ஆழத்துக்கென்றே பிறந்தது. ஐம்பது மீட்டர் வரை அலுக்காமல் இறைக்கும்.

இந்த வடிவமைப்புக்குக் காப்புரிமை பூட்டு எதுவும் போடவில்லை. ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தர நிர்ணயம்தான் எல்லாருக்கும் பொது. எந்தப் பட்டறையில் செய்தாலும் அளவு மாறக் கூடாது. இந்த ஏற்பாட்டின் பலன் மெக்கானிக்குக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு கம்பெனி பேரிங்கை இன்னொரு கம்பெனி தலைக்குள் அடித்து இறக்கலாம். ஓடாத பம்பின் செயினைக் கழற்றி ஓடுகிற பம்புக்கு மாட்டலாம். இந்தப் பம்பு கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இனி இதன் சங்கடத்துக்கு வருகிறேன். பம்பில் முதலில் தேய்வது பக்கெட் வாஷர். தோலால் செய்தது, பிற்பாடு ரப்பரில் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். அது இருப்பதோ தண்ணீருக்குள், சிலிண்டருக்குள். சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர். அதற்கு மேல் வரும் பைப்பின் விட்டம் 32 மில்லிமீட்டர். பிஸ்டன் அந்தப் பைப் வழியாக மேலே வராது. ஆகவே அந்தச் சின்ன வாஷரை மாற்ற, தலையைக் கழற்றி, தண்ணீர் டேங்கைக் கழற்றி, மூன்று மூன்று மீட்டராக எல்லாப் பைப்பையும் உருவி எடுக்க வேண்டும். பத்து பைப் இறங்கிய இடத்தில் பைப் எடை மட்டும் தொண்ணூறு கிலோவைத் தாண்டும். ராடும் உள்ளே நிற்கும் தண்ணீரும் அதற்கு மேல். இரண்டு பக்கமும் ஆள் நின்று லிஃப்டிங் ஸ்பானரைப் போட்டுத் தூக்க, ஒருவன் கிளாம்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளாம்ப் நழுவினால் மொத்தப் பைப்பும் போருக்குள் போய்விடும். போனதை மீன்பிடிப்பது தனி வித்தை.

பம்பு உறுதியாக இருந்ததாலேயே இந்தச் சங்கடம் வெகுநாள் பெரிதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஊரில் ஒரு பொறுப்பாளர் நட்டை முடுக்கி, செயினுக்குக் கிரீஸ் வைத்து, பம்பு நின்றால் தகவல் அனுப்புவார். ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக் தலைப்பாகத்தைப் பார்ப்பார். பைப்பைத் தூக்க வேண்டுமென்றால் மாவட்டத்திலிருந்து வேனோடு ஒரு குழு வரும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. களத்தில் வேன் எப்போது வரும் என்பது டீசலையும், டிரைவரையும், அந்த மாதத்து அவசரத்தையும் பொறுத்தது. கைக்குள் அடங்கும் வாஷருக்காக ஓர் ஊர் வாரக்கணக்கில் கிணற்றுக்கும் ஓடைக்கும் நடந்திருக்கிறது. பம்பு அரிதாகத்தான் நிற்கும். நின்றால் எழுப்புவது ஊர்க்காரர் கையில் இல்லை.

இதற்கு விடை தேடி 1980களில் கோவை வட்டாரத்தில் உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றின் ஆதரவோடு பல ஆண்டுகள் களச் சோதனை நடந்தது. பிறந்தது மார்க் 3. மாற்றம் பார்க்கச் சாதாரணம். பைப்பின் விட்டத்தை 65 மில்லிமீட்டராக்கினார்கள். இப்போது பிஸ்டன் பைப் வழியாகவே மேலே வரும், ஃபுட் வால்வையும் ராடாலேயே பிடித்துத் தூக்கலாம். பைப் இருந்த இடத்திலேயே இருக்கும். கேரியரில் சாமான் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருகிற ஒருவரும், ஊரில் உதவிக்கு ஒருவரும் இருந்தால் போதும். இரும்பில் செய்த மாற்றம், வேலை செய்கிற ஆளையே மாற்றிவிட்டது. எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறில்லை.

ஆனாலும் ஊர்களில் இன்றும் அதிகம் நிற்பது மார்க் 2தான். அகலப் பைப்புக்கு விலை அதிகம், கனமும் அதிகம். டெண்டரில் தெரிவது வாங்குகிற நாளின் விலை. ரிப்பேரில் மிச்சமாகும் ஆள்கூலியும், தண்ணீர் இல்லாத நாட்களும் அந்தத் தாளில் வருவதில்லை. கூடுதல் தூரம் நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவரும் பெண்ணின் நேரத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

அந்த நேரத்தின் விலை தெரிந்தவர்கள் கையில் ஸ்பானர் போனபோது என்ன நடந்தது என்பதற்கு உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் மகிளா சமாக்யா என்ற பெண்கள் கல்வித் திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத தலித், பழங்குடிப் பெண்கள் கைப்பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றார்கள். பைப்பைத் தூக்கினார்கள், வாஷரை மாற்றினார்கள். செய்த வேலையைப் பதிவு செய்யவும் பாகங்களைக் கணக்கு வைக்கவும் எழுத்து வேண்டியிருந்தது. படிப்பு பின்னால் வந்தது. அந்தப் பகுதியில் பெண்கள் தாங்களே நடத்திய ‘மகிளா டாகியா’ என்ற செய்தித்தாளும், 2002இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ பத்திரிகையும் அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்தவை. ஸ்பானர் பிடித்த கை பேனா பிடித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஊர் நடுவில், எல்லாரும் பார்க்க, நின்றுபோன ஒன்றை ஓட வைத்தவருக்குப் பேசும் தைரியம் தானாக வரும்.

பம்பு செய்த நன்மைக்கு இன்னொரு சாட்சி நரம்புச் சிலந்தி நோய். படிக்கிணற்றில் காலை வைத்துத் தண்ணீர் மொண்ட ஊர்களில் புழு தோலைக் கிழித்து வெளியே வரும். ராஜஸ்தானில் மூடிய ஆழ்குழாயும் பம்பும் வந்தது, நோயை விரட்டிய முயற்சிகளில் ஒன்று. 1996இல் நாட்டின் கடைசி நோயாளி பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது.

அதற்காகப் பம்பைக் கும்பிட வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்தில் பாறைக்குள்ளேயே ஃபுளோரைடு இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய ஊர்களில் பிள்ளைகளின் பல் பழுப்பேறும், நெடுநாள் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகும். அங்கே நான் எவ்வளவு நன்றாக வாஷர் மாற்றினாலும், அந்தத் தண்ணீரை இன்னும் வேகமாக மேலே கொண்டுவருவதுதான் என் வேலையாகிறது. வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் கண்டுபிடித்த பிறகு ஆகாத பம்புக்குச் சிவப்பும் ஆகும் பம்புக்குப் பச்சையும் அடித்தார்கள். சில நிலங்களில் அமிலத் தன்மையுள்ள தண்ணீர் ஜி.ஐ. பைப்பை அரித்துத் துருத் தண்ணீராகக் கொட்டும். இந்தக் கோளாறுகளுக்கு ஸ்பானர் மருந்தில்லை. தண்ணீரைச் சோதிக்கிறவரும் மெக்கானிக்கும் ஒரே நாளில் ஒரே ஊருக்கு வர வேண்டும்.

எங்கள் பக்கம் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. நல்ல காரியம். பல ஊர்களில் ஆழ்குழாயில் மோட்டார் இறக்கி மேலே பிளாஸ்டிக் டேங்க் வைத்தார்கள். அதுவும் தேவைதான். அதற்காகப் பம்புத் தலையைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போடுகிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மெயின் லைன் உடைந்தாலோ புயலில் கரன்ட் போனாலோ, குளிக்கவும் மாட்டுக்கும் தண்ணீர் தருவது அந்தக் கைப்பிடி மட்டும்தான்.

இப்போது ஊருக்கு ஊர் சோலார் பம்பு வருகிறது, ஆர்.ஓ. பிளான்ட் வருகிறது. திறப்பு விழாவில் நானும் கைதட்டுவேன். கைதட்டி முடித்தபின் இதில் முதலில் தேய்வது எது என்று கேட்பேன். ஆர்.ஓ.வில் அது மெம்பிரேனாகவும் சோலாரில் அது கன்ட்ரோலர் பலகையாகவும் இருக்கலாம். அதை மாற்ற எதையெல்லாம் பிரிக்க வேண்டும், பக்கத்து டவுன் கடையில் கிடைக்குமா, மாற்றத் தெரிந்தவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. பதில் சொல்ல முடியாத இயந்திரம், வாரன்டி முடிகிற நாளில் அந்த ஊருக்கு அந்நியமாகிவிடும்.

கிராம சபைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு தீர்மானம் போட்டாலும், அதே தாளில் தேயும் பாகங்களின் பட்டியலையும், அவற்றின் விலையையும், மாற்றப்போகிறவரின் பெயரையும், அந்த வருடத்துக்கு அதற்கு ஒதுக்கிய தொகையையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத ஆள் பெயர் கிடைக்கவில்லையென்றால், ஊர்ப் பெண்களில் இருவரை முதலில் பயிற்சிக்கு அனுப்புங்கள். இயந்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.