ரைமருக்கு எத்தனை புள்ளி?

2013 மே 13. பொஸ்டனில் முதற்சுற்றின் ஏழாவது ஹொக்கி ஆட்டம். மூன்றாம் பகுதியில் 4–1 என்று முன்னால் நின்ற எங்கள் மேப்பிள் லீவ்ஸ், கடைசி ஒன்றரை நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி, மேலதிக நேரத்தில் 5–4 என்று தோற்றது.

ஸ்காபரோ வீட்டில் அப்பாவும் நானும் வழக்கம்போலப் பத்துக்குப் புள்ளி போட்டோம். இரண்டு கோல் அடித்த பிரான்சனுக்கு எட்டு, அதில் சண்டையில்லை. கோல்காப்பாளர் ரைமருக்கு நான் இரண்டு போட்டேன். ஊரில் கணிதம் படிப்பித்த காலத்தில் எனக்கே அரைப்புள்ளி இரங்காத மனிதர், ஏழு என்றார்.

“அஞ்சு கோல் விட்டவன், அப்பா!”

“அவனுக்கு முன்னால நிண்ட அஞ்சு பேரும் எங்க போனவை?”

அந்தக் கிழமைதான் எங்கள் மென்பொருள் திட்டம் கவிழ்ந்து, என்னை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன்.