சீட்டுக் காசும் கணனியின் வேகமும்



"உம்மா, ஓவர்குளொக் பண்ணக்கூடிய கணனி வேணும்" என்று பிள்ளை கேட்டால், சீட்டுக் காசை எடுத்துக் கொடுக்கப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். எங்கள் வீட்டிலும் மூத்த மகன் கேட்டான். மனைவி பணத்தைத் தொடுவதற்கு முன், "இது என்னவென்று எனக்கும் விளங்கட்டும்" என்றாள். அவளுக்காக விசாரித்து அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

புரொசசரை, தயாரித்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேலாக ஓடவைப்பதே ஓவர்குளொக். 1998 இல் இன்டெல் வெளியிட்ட செலரோன் 300ஏ இதற்குப் பேர்போனது. மதர்போர்டின் 66 மெகாஹேர்ட்ஸை அது 4.5 ஆல் பெருக்கி 300 இல் ஓடும். போர்டை 100 க்கு மாற்றினால் பல 450 இல் ஓடின. மலிவான பொருளில் விலையுயர்ந்த பொருளின் வேகம் கிடைத்தது.

இன்று அந்த இலாபம் இல்லை. புதிய புரொசசர்கள் சூடு இடங்கொடுக்கும் வரை தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நாம் கூட்டக்கூடியது சொற்பம், செலவோ அதிகம்.

இன்டெல் என்றால், பெயரின் கடைசியில் 'கே' உள்ள புரொசசரும் 'இசட்' வரிசை மதர்போர்டும் இரண்டுமே வேண்டும். 'கே' புரொசசரை 'பி' வரிசை போர்டில் போட்டால் கணனி ஓடும். அந்தப் பெருக்கத்தை உயர்த்த முடியாது. குளிர்விக்கும் விசிறியையும் வேறாக வாங்க வேண்டிவரும். ஏஎம்டியின் ரைசன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பூட்டு இல்லை. பி550, பி650 போன்ற நடுத்தர போர்டுகளே போதும். ஏ320, ஏ520 இல் முடியாது. எதுவானாலும் புரொசசரும் போர்டின் சொக்கட்டும் பொருந்த வேண்டும். ஏஎம்5 சொக்கட் என்றால் டிடிஆர்5 நினைவகம் மட்டுமே பொருந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேகத்தை 10 வீதமும் அதற்காக மின்னழுத்தத்தை 10 வீதமும் கூட்டினால், புரொசசரின் மின்செலவும் சூடும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடும். ஏசி இல்லாத நம் அறைகளில் இது சின்ன விஷயமல்ல. அதனால் ஏற்படும் பழுதுக்கு உத்தரவாதமும் கிடைக்காமல் போகலாம். இன்டெல்லின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைப் புரொசசர்கள் சில, அளவு மிஞ்சிய மின்னழுத்தத்தால் பழுதாகின. 2024 ஓகஸ்ட்டில் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. இவற்றைப் பாவித்த பொருளாக வாங்குவோர், பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள்.

மகனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பாடம், வீடியோ வெட்டி ஒட்டுவது, கொஞ்சம் விளையாட்டு. இதற்கு ரைசன் 5 உம் பி550 போர்டும் போதுமென்று அவனே ஒத்துக்கொண்டான். மிஞ்சிய காசுக்குக் கூடுதல் நினைவகமும் தரமான பவர் சப்ளையும் வாங்கினோம். விரும்பினால் பிறகு வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம். வழி திறந்தே இருக்கிறது.

எனவே சகோதரிகளே, "எனக்கு இதெல்லாம் விளங்காது" என்று ஒதுங்காதீர்கள். என்ன வேலைக்கு, எந்த போர்டு, சூட்டுக்கு என்ன வழி? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, பொருளையும் பேணத் தெரிந்துகொள்ளும்.