கொல்லை வாசல்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் பூர்வீக வீட்டை இடிக்கச் சம்மதக் கையெழுத்துக் கேட்டு என் சித்தப்பா மகன் கடிதம் எழுதியிருந்தான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் அடித்த கஜா புயலில் பாதி ஓடு பறந்துவிட்டது. தோப்பிலிருந்த தென்னைகள் சாய்ந்துவிட்டன. பழுது பார்க்கப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தான். கையெழுத்துப் போடுவதில்லை என்ற தீர்மானத்தோடுதான் மறு வருஷம் சித்திரையில் நான் பஸ் ஏறினேன்.

அது மாளிகை அல்ல. எங்கள் பக்கம் காவிரிப் பாசனத்தின் வால். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்து, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்த பிறகுதான் இங்கே மானாவாரிப் பூமியெல்லாம் வயலாயிற்று. ஜனங்கள் அந்தக் கால்வாயை இன்றும் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் கொடுத்த துணிச்சலில் என் தாத்தா கட்டிய வீடு.

வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே நடை, கூடம், நடுவில் முற்றம். நாலு புறத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே நாலு அருவி. கூடத்தை ஒட்டிய அறையில் பத்தாயம். மேலே நெல்லைக் கொட்டி, கீழே சின்னக் கதவைத் திறந்து வாங்கிக்கொள்ளலாம். ஈரமும் எலியும் அண்டாமலிருக்கக் கால்கள் வைத்து உயர்த்தியிருப்பார்கள். கொல்லையில் கிணறு, மாட்டுக் கொட்டில், வைக்கோற்போர், எருக்குழி. அப்பால் சாணமிட்டு மெழுகிய களம்.

இங்கிலாந்தில் கிரேட் காக்ஸ்வெல் என்ற கிராமத்திலிருக்கும் பழைய தானியக் களஞ்சியத்தை நேஷனல் டிரஸ்ட் பொக்கிஷம் போலக் காப்பாற்றுகிறது. நம் முட்டுக்காட்டிலும், 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில், தஞ்சைப் பக்கத்து விவசாயி வீடு ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். நம் வீட்டை மட்டும் ஏன் இடிக்க வேண்டும்? வழியெல்லாம் இதையே தம்பியிடம் பேசுவதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

நான் போனபோது கொட்டிலருகே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய அப்பா எங்கள் பண்ணையாள். அவரும் சிறுவயதில் எங்கள் மாடுகளை மேய்த்தவர்.

"உள்ளே வாங்களேன். வீட்டைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம்" என்றேன்.

"நீங்க பாருங்க, சின்னையா. எனக்குத் தெரிஞ்ச வீடு இந்தப் பக்கம்தான்" என்றார்.

அவருக்கு முற்றம் தெரியாது. பத்தாயத்தைப் பார்த்ததே இல்லை; அதில் கொட்டிய நெல்லைச் சுமந்தது அவருடைய அப்பாவின் தலை. எருக்குழி ஓரமாக ஓர் இடத்தைக் காட்டினார். மரக்காலால் கூலி அளக்கும்வரை அப்பா அங்கேதான் நிற்பாராம். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, கூலிக்கு ஒரு கணக்கும் வேலைக்கு ஒரு காப்பும் ஏற்பட்டது. அதற்குப் பிறகும் நின்ற இடம் மாறவில்லை என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்றுச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வீட்டைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறேன்! எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த வீடு.

"ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன்.

அவர் கொட்டிலின் கூரையை அண்ணாந்து பார்த்தார். "எங்க கூரையைக் காத்து கொண்டுபோயிடுச்சு. இந்தப் பனங்கையெல்லாம் வைரம் பாய்ஞ்சது. இடிச்சா, விறகுக்குப் போட்டுடாதீங்க."

அன்று மாலை கையெழுத்துப் போட்டேன். கொட்டிலின் பனங்கை முழுவதும் பெரியவருக்கு என்று ஒரு வரியும் சேர்த்தேன். தம்பி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியவர் வீட்டுக்கு அழைத்தார். நிலை தாழ்வாக இருந்தது, குனிந்து நுழைந்தேன். நிமிர்ந்தால் தலைக்கு மேலே எங்கள் கொட்டிலின் பனங்கைகள், கருகருவென்று. பாயை விரித்து உட்காரச் சொன்னார். அறுபது வருஷப் பழக்கத்தில் அவர் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.