நம் வீட்டில் நாமே விருந்தாளியா?

வீடு. இரண்டே எழுத்து! அறம், பொருள், இன்பம் என்று அடுக்கிக்கொண்டு வந்த நம் முன்னோர்கள் நாலாவதாக வைத்ததும் இந்தச் சொல்லைத்தான். அவர்கள் சொன்ன வீடு பெரிய விஷயம். நான் சொல்ல வருவது ஓடு வேய்ந்த, கொல்லையில் துணி துவைக்கிற கல் கிடக்கிற, மழை பெய்தால் ரெண்டு இடத்தில் பாத்திரம் வைக்கிற சாதாரண வீடு. அந்த வீட்டில் காசில்லாமல் கிடைக்கிற சின்னச் சின்னச் சந்தோஷங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"ஆண்டு மலருக்கு எழுத இதுதானா கிடைத்தது? மின்சார வாகனம், சோலார் என்று எத்தனையோ இருக்கிறதே?" என்று கேட்கப்போகும் தோழர்களே, தோழியரே... கொஞ்சம் பொறுங்கள். இது நம்மில் பலருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். அதிலும் வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு ரொம்பவே சம்பந்தப்பட்ட விஷயம்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா நிலக்கோட்டைப் பக்கம் தோட்டங்களில் மல்லிகைப்பூ பறிக்கப் போகிறவள். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. "அது படிக்கிற புள்ள. அதை யாரும் ஒரு வேலை சொல்லக்கூடாது." குடத்தைத் தொட்டால் "வை கீழே". அடுப்படியில் நுழைந்தால் "ஒனக்கு இங்க என்ன சோலி?" மண்வெட்டியை எடுத்தால் அப்பத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பிடுங்கிவிடும். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ விடமாட்டார்கள்.

கேட்பவர்கள் "கொடுத்து வைத்தவள்" என்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இப்படியெல்லாம் யாரைக் கவனிப்போம்? விருந்தாளியைத்தான்! விருந்தாளிக்கு நல்ல சாப்பாடு உண்டு. ஆனால் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு "உப்பு பத்தலை" என்று சொல்லும் உரிமை கிடையாது. வேலையை என்னிடமிருந்து எடுத்தவர்கள், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த சந்தோஷத்தையும் அவர்களுக்குத் தெரியாமலேயே எடுத்துவிட்டார்கள். அதை நான் எப்படித் திரும்ப வாங்கினேன் என்று சொல்கிறேன்.

கொல்லைப்புறம்

எங்கள் கொல்லை 10 அடிக்கு 12 அடி. பாத்திரம் விளக்குகிற தண்ணீர் வாழைக்கும், அரிசி களைந்த தண்ணீர் கத்தரிக்கும் போகும். மூலையில் ஒரு முருங்கை. அது பி.கே.எம்.1 என்ற ரகம். பக்கத்திலே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989-ல் வெளியிட்டது. பழைய முருங்கைக்குக் கொம்பு வெட்டி நடவேண்டும். இதற்கு விதை போட்டாலே போதும், ஆறு மாதத்தில் காய்க்கும். அப்பத்தாவுக்கு இந்த ரகத்தின் பெயரெல்லாம் தெரியாது. "காலேஜு முருங்கை" என்றுதான் சொல்லும்.

முதலில் நான் கைவைத்தது அவரைக்கொடியில். ஆடியில் விதை போட்டோம். புரட்டாசி வரைக்கும் பந்தல் நிறைய இலையே தவிர ஒரு பூ இல்லை. எனக்குப் பொறுமை இல்லை. அப்பத்தா மட்டும் அசையவில்லை. "அதுக்குத் தெரியும்டி, பனி எப்ப விழும்னு" என்றது. உண்மைதான். பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் அந்த நாட்டு அவரை பூக்கும். கார்த்திகையில் ஊதாப்பூ கொத்துக் கொத்தாக வந்தது. கூடவே அசுவினியும் வந்தது. விடியற்காலையில் இலையில் பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவினோம். சாம்பல் ஒட்டிக்கொண்டது, பூச்சி குறைந்தது. மார்கழி, தை இரண்டு மாதமும் கடையில் காய் வாங்கவில்லை.

புடலங்காய்ப் பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காய் சுருளாமல் நேராக இறங்குவதற்காக அது. நான் கட்டிக்கொண்டிருந்ததை அப்பா நின்று பார்த்தார். "செவுரும் புடலங்காயும் ஒண்ணுதான் தாயி. நேரா நிக்கணும்னா கீழ ஒரு கனம் வேணும்" என்று சொல்லி, தன் தூக்குக்குண்டை ஆட்டிக் காட்டினார். முதல் வருஷத்தில் புவிஈர்ப்பு விசைக்கு நான் படித்த பக்கமெல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிட்டது!

அடுப்படி

கொல்லையில் இறங்குவது சுலபமாக இருந்தது. அடுப்படியில் நுழைவதுதான் பெரிய போராட்டம். அம்மா வாசற்படியிலேயே மறித்தாள். "நான் கையெழுத்துப் போடப் பழகுறதுக்கு முன்னாடி களி கிண்டப் பழகினவ. நீயும் ஒருதரம் கரண்டியைப் பிடிச்சிட்டா அப்புறம் கையை விட்டு எறக்க விடமாட்டாங்க" என்றாள்.

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தை வரும்போதெல்லாம், "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள, ஒரு ரசம் வைக்கத் தெரிய வேண்டாமா?" என்று கேட்கும். அம்மாவுக்கு உடனே கோபம் வரும். "என் மக மோட்டாரு கட்டப் படிக்கிறா, ரசம் வைக்க இல்ல" என்பாள். அடுப்படி அம்மாவுக்குச் சிறை. அந்தச் சிறைக்குள் மகள் வந்துவிடக்கூடாது என்று வாசலில் காவல் நிற்கிறாள். அவளிடம் போய் "சமைப்பது சந்தோஷம் அம்மா" என்று சொன்னால் எப்படி எடுபடும்?

அதனால் நான் வேறு மாதிரி சொன்னேன். "நான் உள்ளே வர்றேன், நீ வெளியே போ. ஞாயித்துக்கிழமை மட்டும். தம்பியும் வருவான்." எட்டாவது படிக்கிற தம்பி திருதிருவென்று முழித்தான். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அடுப்பைப் பார்த்து அணைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். எனக்கு அது உத்தரவுச் சீட்டு கிடைத்த மாதிரி இருந்தது.

இட்லியைத் தினம் தின்கிறோம். அதைச் செய்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அம்மா கணக்கு: நாலு ஆழாக்குப் புழுங்கலரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். 2011-ல் அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லாக் கிரைண்டர் எங்களுடையது. அது வந்த பிறகு ஆட்டுக்கல் கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாகிவிட்டது. கிரைண்டருக்குள் சுற்றுவது ஒற்றைக்கட்ட இண்டக்‌ஷன் மோட்டார் என்று தம்பிக்கு விளக்கினேன். "அதெல்லாம் சரி, உளுந்து பொங்குதா பாரு" என்று வாசலில் இருந்தே அம்மா குரல் வந்தது. கண்ணால் பார்க்காமல், சத்தத்தை வைத்தே பதம் சொல்கிறவள் அவள்! அரைத்து, உப்புப் போட்டு, கையால் கலக்கி மூடி வைத்தோம். அந்த வேலையை இரவெல்லாம் நடத்துவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை விடும் வாயுதான் மாவைப் பொங்க வைக்கிறது. காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கி நிற்கும் மாவைப் பார்க்கும் சந்தோஷம் இருக்கிறதே... அது செமஸ்டர் ரிசல்ட்டில் ‘பாஸ்’ என்று பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமை மெனு: காலையில் இட்லி; மத்தியானம் கத்தரிக்காய், முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. குழம்பு நான், அரிசி களைவது தம்பி, கருவாடு சுத்தம் செய்வது அப்பா. ஆமாம், அப்பாவும்தான்! திங்கட்கிழமை மிச்சச் சோற்றில் நீராகாரம், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். ஐந்து நட்சத்திர ஓட்டலில் இது கிடைக்குமா சொல்லுங்கள்.

பாட்டுப் பெட்டி

அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய டேப்ரெக்கார்டரோடு சேர்ந்த ரேடியோ ஒன்று பரணில் கிடந்தது. அப்பாவுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் அந்தத் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் ‘நம்ம ஊர்க்காரர்’ என்று சொல்லும்போது அப்பாவின் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிரும். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்த கதையை அவருடைய அப்பா சொல்லக் கேட்டது, நேரில் பார்த்த மாதிரியே எங்களுக்குச் சொல்வார். ஆனால் ரேடியோ பழுதான பிறகு வீட்டில் பாட்டு தனித்தனி ஆகிவிட்டது. தம்பிக்கு ஒரு செல்போன், எனக்கு ஒரு இயர்போன். அப்பா சும்மா படுத்துக்கொண்டு ஓட்டைப் பார்ப்பார்.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எனக்கும் வந்தது. ஒரு மாதப் பணத்தில் 25 வாட் சால்டரிங் அயர்னும் ஈயமும் வாங்கினேன். பரணில் இருந்து பெட்டியை இறக்கித் திறந்தேன். கரண்டில் போட்டால் ‘ஊம்ம்’ என்ற இரைச்சல் மட்டும். பேட்டரி போட்டால் இரைச்சல் இல்லை. நம் துறை நண்பர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டுபோயிருந்தது. டயல் நூலும் அறுந்திருந்தது. கெப்பாசிட்டரை மாற்றி, தையல் நூலை முறுக்கிக் கட்டி, ஒலி கூட்டும் திருகைச் சுத்தம் செய்து மூடினேன். கொடைக்கானல் பண்பலை, 100.5. மலை உச்சியில் இருந்து அலை தடையில்லாமல் இறங்கி வருவதால் எங்கள் ஊருக்குத் தெளிவாக எடுக்கும். முள் அங்கே போய் நின்றதும் பழைய பாட்டு ஒன்று வீடு முழுக்க நிறைந்தது.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "இது ஒங்க காலேஜுல சொல்லிக் கொடுத்ததா தாயி?" என்றார். "ஆமாப்பா" என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அவ்வளவுதான். கட்டிய ஃபீஸுக்கெல்லாம் அன்றைக்குத்தான் ரசீது கிடைத்த மாதிரி எனக்குத் தோன்றியது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பகுதி முடியாது. நாள் தவறாமல் பூப்பறிக்கிற அவள் கூலிக்குப் பறித்த பூவில் தலைக்கு என்று எடுத்ததே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து, ஒரு கை மல்லிகையைத் தொடுக்கிறாள். அது விற்பதற்கு இல்லை. உள்ளே நாங்கள் பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்து வரப் பார்ப்பாள். "உக்காரும்மா!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்துவோம்.

நண்பர்களே! இன்னும் கொஞ்ச நாளில் நம்மில் பலர் ஓசூருக்கும் ஒரகடத்துக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போகப்போகிறோம். ஒரு அறையில் ஐந்து பேர், மாறி மாறி ஷிப்ட், மெஸ் சாப்பாடு. போன அண்ணன்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "சம்பளம் வருது, வீட்டு ஞாபகம்தான் வாட்டுது." ஞாபகம் வாட்டத்தான் செய்யும். ஆனால் ஒரு தொட்டியில் தக்காளி போடத் தெரிந்தவனுக்கு, நல்லதாக ஒரு குழம்பு வைக்கத் தெரிந்தவளுக்கு, நாலு பேரோடு சேர்ந்து பாட்டுக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த அறையும் கொஞ்ச நாளில் வீடாகிவிடும். வீட்டைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. கையில் பழக்கிக்கொண்டு போகலாம்.

ஆண் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ‘படிக்கிற பையன்’ என்று உங்களை உட்கார வைத்துவிட்டு, உங்களுக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருப்பது யார் என்று பாருங்கள். அம்மாவா? அக்காவா? தங்கச்சியா? அவர்கள் ஒரு மணி நேரம் உட்காரவேண்டும் என்றால் நீங்கள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவேண்டும். இதற்கு எந்தக் கால்குலேட்டரும் வேண்டாம். ஒரே ஆள் முதுகில் ஏற்றினால் அது பாரம். நாலு கையில் பிரித்துக்கொண்டால் அதுவே சந்தோஷம்.

படிப்பு நம்மை வீட்டை விட்டு உயரத்துக்குக் கொண்டுபோகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு அந்நியராக மட்டும் ஆக்கிவிட வேண்டாம். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு விதை ஊன்றுங்கள், ஒரு வேளை சமையுங்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பாட்டு வையுங்கள். "நீ போய்ப் படி" என்று விரட்டுவார்கள். நகராதீர்கள். இதுவும் படிப்புதான்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை